என் மாமனாரின் மூக்கு

எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. அதை முதலிலேயே சொல்லி மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அப்படிப்பட்டவள், காலமாகிப்போன மாமனாரின் மூக்கைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது மரியாதை தெரியாத காரியம் என்று பெரியவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் போன வாரம் அலமாரியைத் துப்புரவு செய்தபோது அந்தச் சீசா கைக்கு வந்தது. உள்ளங்கை அகலம், தட்டைக் கண்ணாடி, பாதி உரிந்துபோன பச்சைக் காகிதம். வெகு காலமாகக் காலியாகக் கிடக்கும் சீசாதான். இருந்தும் மூடியைத் திருகி மோந்து பார்த்தேன். எலுமிச்சம்பழத் தோலும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டும் கலந்தது போன்ற ஒரு வாசனை அடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு பழைய பொருள் கைக்கு வந்தால் மற்றவர்களுக்குக் கண் கலங்குமாம். எனக்கு வந்தது எரிச்சல். அந்த எரிச்சலை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய உறவும் இல்லை அது.

அதற்கு நாங்கள் ஓதெகொலோன் என்று பெயர் சொல்வோம். மதராஸ் பக்கத்துக்காரர்கள் யூடிகொலோன் என்பார்கள். என் மாமனார் கடற்கரைப் பக்கத்து வீடொன்றில் குசினிக்காரர், அதாவது சமையல்காரர். பத்தொன்பது வருஷம் ஒரே மதாமுக்கு, அதாவது ஒரு பிரெஞ்சுக்கார எஜமானியம்மாளுக்கு, சமைத்துப் போட்டார். அவருக்கு மூக்கில் தண்ணீர் ஒழுகுகிற தொந்தரவு எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. மதாம் வீட்டில் யாருக்காவது தலைவலி, காய்ச்சல், மயக்கம் என்று எது வந்தாலும் ஒரே வைத்தியம்தான். கைக்குட்டையில் நாலு சொட்டு ஓதெகொலோன் விட்டு மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வைத்தியம் குசினி வரைக்கும் வந்துவிட்டது. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறுவருஷம் மதாம் ஊரைவிட்டுப் போனபோது, காரில் ஏறுவதற்கு முன்னால் ஆறு கைக்குட்டையும் இந்தச் சீசாவும் கொடுத்துவிட்டுப் போனார்களாம். தீர்ந்துபோனால் அதே சீசாவில் கடையிலிருந்து வாங்கி ஊற்றி வைத்துக்கொள்வார். மூக்கு ஒழுகியதும் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை வெளியே வரும். அது வந்ததும் எங்கள் முத்தியால்பேட்டை வீடு முழுவதும் மதாம் வீட்டு வாசனை அடிக்கும்.

நான் முத்தியால்பேட்டை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்கு இருபது வயது. முதல் வாரத்தில் மாமனாரை நினைத்துப் பரிதாபப்பட்டேன். இரண்டாவது மாதத்தில் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. விடியற்காலை கடல் காற்று முகத்தில் பட்டால் உறிஞ்சுவார். சோற்றில் ரசம் விழுந்தால் உறிஞ்சுவார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் தெருவுக்கு எழுந்து போவார், அங்கேயும் உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, கண் அரிப்பு இல்லை. வெறும் தண்ணீர். என் அத்தை, அதாவது மாமியார், தும்பைப்பூவைப் பிழிந்து விட்டுப் பார்த்தார். மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை பிடிக்கச் சொன்னார். அந்தப் புகையில் இன்னும் இரண்டு மடங்கு ஒழுகியது. கடைசியில் ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து அவர் கையில் கொடுத்துவிட்டு அலுத்துப்போய்ச் சொன்னார்: "தெருக்குழாய்ல கூட மத்தியானம் ஆனா தண்ணி நிக்குது. இந்த மனுஷன் மூக்குல நிக்கமாட்டேங்குது." மாமனார் கோபித்துக்கொள்ள மாட்டார். கைக்குட்டையை உதறி மடித்தபடியே, "மதாம் வூட்ல பத்தொம்போது வருஷம் யாரும் என் மூக்கப் பாக்கல. என் சோஸத்தான் பாத்தாங்க" என்பார். சோஸ் என்றால் வெள்ளைக்காரர்கள் ஊற்றிச் சாப்பிடுகிற குழம்பு.

மதாம் விட்டுப்போன கடற்கரை வீட்டுக்குப் புதிதாக ஓர் அதிகாரி குடும்பம் மதராஸிலிருந்து வந்தது. மதாமின் குசினிக்காரர் என்று கேள்விப்பட்டு மாமனாரையே வைத்துக்கொண்டார்கள். அந்த அதிகாரியின் மனைவி சுத்தம் பார்ப்பவர். முதல் மாதம் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது மாதம், வெள்ளை சோஸைக் கிண்டிக்கொண்டிருந்த மாமனார் முகத்தைத் திருப்பி உறிஞ்சியதைப் பார்த்துவிட்டு, அவரை மார்பு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். காசநோய் இல்லை. "இல்லைன்னா ஏன் எப்பப் பாத்தாலும் ஒழுகுது?" என்று அந்த அம்மா கேட்டார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் பெரிய மத்தியான விருந்து. ஊரில் மிச்சமிருந்த பிரெஞ்சுக்காரர்களும் அதிகாரிகளும் வருகிறார்கள். அதற்குள் மூக்கு நின்றால் சரி, இல்லையென்றால் மதராஸிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பதினெட்டு நாள் இருந்தது. மாமனாருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. வேறு எந்த வேலையும் தெரியாது. என் கணவர் மில்லில் சம்பாதித்ததால் நாங்கள் பட்டினி கிடந்திருக்க மாட்டோம். ஆனால் அந்தக் குசினியை விட்டு வந்தால் மாமனார் ஒரு வருஷம் தாங்கமாட்டார் என்று அத்தை என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு மாமனார், அத்தை, நான் மூன்று பேரும் போனோம். சீட்டைப் படிக்க ஆள் வேண்டுமே என்று என்னையும் அழைத்துப் போனார்கள். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி நர்ஸிடம் அனுப்பினார். அந்த நர்ஸ் நடுவயதுக்காரர், நிறைய மூக்குகளைப் பார்த்துச் சலித்தவர் போல இருந்தார். "சளின்னா பத்து நாள்ல போயிடும் பெரியவரே. இத்தினி வருஷமா இருந்தா அது சளியே இல்ல. இது யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. உங்க மூக்குக்குக் கொஞ்சம் கூச்சம் ஜாஸ்தி, அவ்ளோதான். ஏதோ ஒண்ணு பட்டா தண்ணி வுடுது. எது பட்டா வுடுதுன்னு நான் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் மாறும். எப்பெப்ப ஒழுகுது, அதுக்கு முன்ன இன்னா பண்ணீங்க, அத எழுதினு வாங்க" என்றார். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு, உள்ளங்கையில் ஏந்தி, காலையும் மாலையும் மூக்கைக் கழுவச் சொன்னார். மூக்குக்கும் கூச்சம் உண்டு என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் நான் ஒருத்தி கூச்சப்படுவது போதவில்லை போலிருக்கிறது.

எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மாமனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் இடது பையில் ஒரு பிடி புளியங்கொட்டை போட்டுக்கொண்டு போவார். ஒவ்வொரு தடவை மூக்கு ஒழுகும்போதும் ஒரு கொட்டை வலது பைக்கு மாறும். குசினியில் கரண்டிக் கணக்கு மறக்காமல் இருக்க அப்படித்தான் செய்வாராம். சாயங்காலம் வந்து வலது பையை முறத்தில் கொட்டி, ஒவ்வொரு கொட்டைக்கும் காரணம் சொல்வார். நான் கதவுக்கு உள்பக்கம் நின்று எழுதுவேன். முதல் நாள் பதினோரு கொட்டை. கடல் காற்று, மிளகாய் தாளித்தது, ஐஸ் பெட்டி திறந்தது, அடுப்பு ஆவி, அந்த அம்மா அதட்டியது. எழுதி முடித்ததும் நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் நீதிபதி மாதிரி கேட்டுவிட்டுச் சரி என்பார். அப்படி எட்டு நாள் எழுதினோம். உப்புத் தண்ணீரும் ஓடியது. அவர் அதைத் துளசித் தொட்டி ஓரம் நின்று செய்வார். பாதி மூக்குக்குள் போகும், மீதி சட்டையில் வழியும். "மவனே, கடல்ல வுழுந்தா கூட இவ்ளோ தண்ணி குடிக்கமாட்டேன்டா" என்று என் கணவரிடம் முறையிடுவார். கொட்டை பதினொன்று, பன்னிரண்டு, பத்து, பதினொன்று. கொஞ்சமும் குறையவில்லை. எனக்கு அந்த நோட்டைக் கிணற்றில் போட்டுவிடலாம் போல இருந்தது.

ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. ஐப்பசி மழை, கடல் பக்கத்திலிருந்து சாய்ந்து அடிக்கிற மழை. துவைத்துப் போட்ட ஆறு கைக்குட்டையும் காயவில்லை. ஈரக் கைக்குட்டையை மாமனார் தொடமாட்டார். மதாம் வீட்டில் இஸ்திரி போட்டு நாலாக மடித்துத்தான் பழக்கம். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, குடையோடு முணுமுணுத்தபடி போனார். இந்தக் குளிர்காற்றில் இன்றைக்கு இருபது கொட்டை நிச்சயம் என்று நினைத்தேன். சாயங்காலம் முறத்தில் விழுந்தது மூன்று. மறுநாளும் மழை, இரண்டு. மாமனார் அதைத் தன் மடியில் இருந்த ஓம முடிச்சின் மகிமை என்று சொல்லி அத்தையைப் பாராட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அத்தையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவையாம். பதினோராம் நாள் வெயில் வந்தது. நான் கைக்குட்டைகளைக் காயவைத்து இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாக நாலு சொட்டு விட்டுப் பையில் வைத்தார். வாசல்படி தாண்டுவதற்குள் உறிஞ்சினார். அன்று கொட்டை பன்னிரண்டு.

முறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எட்டு நாள் எழுதிய நோட்டைப் புரட்டினேன். காற்று இருந்தது, காரம் இருந்தது, ஆவி இருந்தது, அந்த அம்மா கூட இருந்தார். கைக்குட்டை ஒரு வரியிலும் இல்லை. மருந்தை யாராவது நோய்க் கணக்கில் எழுதுவார்களா? அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காற்றுக்கு ஒரு தடவை ஒழுகினால் உடனே கைக்குட்டை எடுப்பார். அந்த வாசனைக்கு மூன்று தடவை ஒழுகும். அந்த மூன்றையும் காற்றின் பேரிலேயே எழுதியிருந்தோம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் இதை அவரிடம் யார் சொல்வது? அத்தையிடம் சொன்னேன். "அது மருந்தாச்சேடி" என்றார். கணவரிடம் சொன்னேன். "நீ கண்டுபுடிச்ச, நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். ஆண்பிள்ளைத் தைரியம் அவ்வளவுதான். விருந்துக்கு ஏழு நாள் இருந்தது.

நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் படிக்க வரும். மறுநாள் சாயங்காலம் அன்றைய பதினோரு கொட்டையை எழுதி முடித்ததும், வழக்கம்போலக் கதவுக்கு உள்ளே நின்று படித்தேன். கடைசியில் நானாக எழுதியிருந்த இரண்டு வரியையும் அதே குரலில் படித்துவிட்டேன். "கைக்குட்டை இல்லாத இரண்டு நாள், மழைக் காற்று, ஐந்து கொட்டை. கைக்குட்டை இருந்த இரண்டு நாள், நல்ல வெயில், இருபத்து மூன்று கொட்டை."

வெளியே முறத்தில் கொட்டைகளை அளைகிற சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன்.

"அப்ப மதாம் எனக்குப் பத்தொம்போது வருஷமா வெஷம் குடுத்தாங்கன்றியா?"

நான் நோட்டை மூடிக்கொண்டேன். அத்தைதான் அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தார். "வெஷம்னு யாரு சொன்னா? உங்க மூக்குக்கு ஆவலன்னு சொல்லுது பொண்ணு. எனக்குக் கத்தரிக்கா ஆவாது. அதுக்காகக் கத்தரிக்காய ஜெயில்லயா போட முடியும்?"

மாமனார் எழுந்து திண்ணைக்குப் போனார். இரவு சாப்பிடவும் வரவில்லை. அடுத்த இரண்டு நாள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேண்டுமென்றே கைக்குட்டையில் எட்டுச் சொட்டு விட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து புளியங்கொட்டையைக் காட்டவும் இல்லை. எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. வேலை போகப்போவது அவருக்கு, தாங்கமாட்டாதவரும் அவர், நடுவில் நான் ஏன் இப்படி மாட்டிக்கொண்டேன் என்று நோட்டைத் தூக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டேன். மூன்றாம் நாள் காலை அவர் போன பிறகு பெருக்க வந்தபோது பார்த்தேன். மடித்த கைக்குட்டை ஜன்னல் கட்டையில் இருந்தது. பக்கத்தில் மூடிய சீசா. அன்று சாயங்காலம் அவராகவே முறத்தை எடுத்து நான்கு கொட்டையைப் போட்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "ஓமம் நல்லா வேல செய்யுது."

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அவர் இறக்கும்வரை ஓமம்தான் குணப்படுத்தியது. நான் வீம்பு பேசவில்லை. காலையில் போகும்போது துண்டால் மூக்கையும் வாயையும் சுற்றிக்கொண்டு போகலானார். தாளிக்கும்போது ஜன்னல் பக்கம் தள்ளி நின்றார், சோஸை ஆறவிட்டு ருசி பார்த்தார். இரண்டு வேளையும் உப்புத் தண்ணீர் விட்டார். நின்றுபோயிற்று என்று எழுத முடியாது. குறைந்தது. நான்கு, மூன்று, இரண்டு. நர்ஸிடம் நோட்டைக் காட்டியபோது, "இவ்ளோதான் வைத்தியம். இதுக்கு மேல குறைஞ்சா சாமி புண்ணியம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விருந்தன்று பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். உண்மையில் உப்புத் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டியிருந்தது. காலையிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை, மீன் சூப்பு, கோழி, வெள்ளை சோஸ், முட்டைப் பலகாரம் என்று அத்தனையும் முடியும்வரை அந்த மூக்கு ஒரு சொட்டு விடவில்லை. அதிகாரியின் மனைவி நாலு தடவை குசினி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாலு தடவையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது தடவை அவரோடு ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் வந்தார். மதாமின் சிநேகிதி, இங்கேயே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். சோஸைச் சாப்பிட்டதும் யார் செய்தது என்று கேட்டுக்கொண்டு குசினிக்கே வந்துவிட்டார். வாசலைத் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே ஓதெகொலோன். அவர் புடவை அளவுக்கு அகலமான ஒரு சால்வை போட்டிருந்தார், அது முழுவதும் அதே வாசனை. சொம்பை நீட்டுவதா, நடுவில் போய் நிற்பதா என்று தெரியாமல் நான் அங்கேயே மரம் மாதிரி நின்றேன். அந்த அம்மாள் மாமனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உடைந்த தமிழில், "மதாம் சோஸ்! அதே சோஸ்!" என்றார்.

மூக்கு திறந்துகொண்டது. மாலை மாலையாக ஒழுகியது. கை இரண்டும் அந்த அம்மாளிடம் சிக்கியிருந்ததால் துடைக்கவும் வழியில்லை. போயிற்று, இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அதிகாரியின் மனைவி தன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அழாதீங்க பெரியவரே. பழைய எஜமானிய இன்னும் இப்படி நெனச்சுக்கிட்டிருக்கீங்களே. நீங்க எங்கேயும் போக வேணாம், இங்கேயே இருங்க" என்றார். அதுவரை அவரைச் 'சமையல்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினெட்டு நாள் உப்புத் தண்ணீர், முறம் முறமாகப் புளியங்கொட்டை, ஒரு நோட்டு நிறைய என் கையெழுத்து. கடைசியில் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது நாங்கள் விலக்கி வைத்த அந்த வாசனை. என் எரிச்சலுக்கு அளவே இல்லை.

வாய்க்கால் ஓரமாகத் திரும்பி நடந்தபோது, என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவரை நேராகக் கேட்டேன்.

"மாமா, அழுதீங்களா?"

"மூக்கும்மா. மூக்குதான்" என்றார். பத்தடி நடந்த பிறகு, "எழுதிக்கோ, ஒரு கொட்ட" என்றார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஓதெகொலோன் பட்டால் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்து அதுவரை நான் பார்த்ததில்லை. நோட்டிலும் அப்படி ஒரு வரி கிடையாது. இருந்தாலும் அவர் சொன்னபடியே எழுதினேன்: "ஞாயிறு. ஒரு கொட்டை. காரணம், ஓதெகொலோன்."

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த வருஷம் வரை அவர் அந்தக் குசினியில் இருந்தார். சீசாவைத் தூக்கிப் போடவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலன்று குளித்துப் புதுத்துணி உடுத்தியதும், அதைத் திறந்து ஒரே ஒரு தடவை மோந்து பார்ப்பார். அன்று முழுவதும் ஒழுகும். யாரும் எதுவும் கேட்கக்கூடாது.

இப்போது என் கணவர் மில்லிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். ஒரு வருஷமாக அவருக்கும் அதே மூக்கு. லாஸ்பேட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். கையில் ஊசி குத்திச் சோதித்துவிட்டு, எந்தப் பொருளாலும் ஒவ்வாமை இல்லை, இது அந்த வகையே இல்லை, எதனால் வருகிறது என்று கவனித்து எழுதிக்கொண்டு வாருங்கள், உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுங்கள் என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சீசா கிடைத்த அன்று பழைய நோட்டையும் தேடி எடுத்து, மாமனாருக்குப் படித்தது போலவே முதலிலிருந்து கடைசி வரை அவருக்குப் படித்துக் காட்டினேன். கைக்குட்டை வரிகளை இரண்டு தடவை படித்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடித்ததும் சீசாவை வாங்கி வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "அப்பா மூக்கு அப்படியே எனக்கு வந்துருக்குது, பாரு" என்றார்.

மறுநாள் காலை அவர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சீசா ஓதெகொலோன் வாங்கி வந்தார்.